சாயும் ரகம்

எங்கள் வீட்டில் ஒருவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணினால் அது என்னவென்று சொல்ல டாக்டர் வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தாத்தாவுக்குக் கோணியது. அவர் தம்பிக்குக் கோணியது. அப்பாவுக்கு நாற்பத்தாறு வயதில், உரமூட்டையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தபோது கோணியது. குரும்பகரத்தில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் தெருப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "கை விழுற வூடா? நேராப் போயி போர்செட்டுக்கு அந்தாண்ட" என்பார்கள். கேலியாக அல்ல, அடையாளமாகத்தான் சொல்வார்கள். நாங்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வாழ்ந்தோம்.

எனக்குக் கோணியபோது வயது இருபத்தேழு. விழுந்த அதே வலது கையால்தான் இதை இப்போது எழுதுகிறேன். எழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கிறது. இருக்கட்டும். அந்தப் பெயரை ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேறு வீடுகளும் இருக்கும் அல்லவா, அவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வேளாண் பட்டம் படித்துவிட்டு, காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன். மரபியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். அந்தத் தாளில் நெல் இருந்தது, பட்டாணி இருந்தது. எங்கள் வீடு இல்லை.

எங்கள் வீட்டு ஆண்களுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. தாத்தா விழுந்ததும் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார்கள், இனி இந்த வீட்டு ஆண்கள் கவுச்சி தொடுவதில்லை என்று. மீன், முட்டை, கறி எதுவும் கிடையாது. பெண்களுக்கு அந்தக் கட்டு இல்லை. கறந்த பால் முழுக்க சொசைட்டிக்குப் போய்விடும், எங்களுக்குக் கடுங்காப்பிதான். கடலுக்கு சைக்கிளில் போய்விடலாம் என்ற தூரத்தில் பிறந்தும் எனக்கு மீன் ருசி தெரியாது.

இன்னொரு பழக்கம், நாற்பத்தைந்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவது. விழுவதற்குள் நிலத்தைப் பிரித்து எழுதிவிட வேண்டும், பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும். என் சித்தப்பா கலியபெருமாளுக்கு நாற்பத்து நான்கு. அடுத்த வீடுதான், நடுவில் ஒரே சுவர். ஒரே மகள் அபிநயா காரைக்காலில் பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போலகத்தில் ஒரு பையனைப் பேசி வைத்திருந்தார்கள். டிகிரி முடிந்த பிறகுதான் கல்யாணம் என்று அபி அழுது, அடம் பிடித்து, சித்தப்பாவை ஒத்துக்கொள்ள வைத்திருந்தாள்.

அந்தக் காலையில் நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். விரல் பொத்தானைப் பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தால் கை தொங்குகிறது, என் கை மாதிரியே இல்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது ஏதோ ஒரு சத்தம். அம்மா எட்டிப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு சித்தப்பா ஓடிவந்தார். ஒரே பார்வைதான். திரும்பி புறாக்கூண்டுக்கு ஓடினார். எங்கள் வீட்டில் எப்போதும் நாலைந்து புறா இருக்கும், அழகுக்கு அல்ல. விழுந்த கையில் புறா ரத்தத்தைச் சூடாகத் தேய்த்தால் உணர்வு திரும்பும் என்று ஒரு நம்பிக்கை. ஓர் உயிரையும் தொடமாட்டோம் என்று விரதம் இருக்கிற ஆண்கள், விழுந்தவனுக்காக மட்டும் புறாவை அறுப்பார்கள். தோளிலிருந்து விரல் நுனிவரை தேய்த்து, பழைய வேட்டித் துணியால் சுற்றினார். எனக்குச் சூடு தெரியவில்லை. வாசனை மட்டும் தெரிந்தது.

அதற்குள் அபி போனைக் காதில் வைத்திருந்தாள்.

"யாருக்குடி போன் பண்ற?"

"ஆம்புலன்ஸுக்கு."

"பெரியப்பாவுக்கு வந்தப்ப எந்த ஆம்புலன்ஸு வந்து சரி பண்ணிச்சு?"

"பெரியப்பாவுக்கு எங்கப்பா ஆம்புலன்ஸக் கூப்பிட்டீங்க? புறாவத்தான கூப்பிட்டீங்க!"

என் அப்பா ஓரத்தில் நின்றிருந்தார். அவள் சொல்லும் பெரியப்பா அவர்தான். விழுந்த நாளிலிருந்து அவருக்கு அதிகம் பேச்சு வராது. அன்றைக்கு அபியைப் பார்த்து, "கூப்பிடு" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கியதும் ஒரு குளறுபடி. அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு உயிர் போயிருக்கும். கையைச் சுற்றிய துணி முழுக்க ரத்தம். நர்ஸ் பார்த்தார்.

"வண்டியில அடிபட்டுச்சா? தலையில அடி உண்டா?"

எனக்குப் பேச்சு இல்லை. அம்மாவுக்கு அழுகை. சித்தப்பாவுக்கு வெட்கமா பயமா தெரியவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டியூட்டி டாக்டர் துணியை வெட்டிவிட்டுக் காயத்தைத் தேடினார். முழங்கையைத் திருப்பினார், அக்குளைப் பார்த்தார், தலைமுடியை விலக்கிப் பார்த்தார். காயம் இருந்தால்தானே கிடைக்கும்?

ஆம்புலன்ஸ்காரரிடம் ஏதோ கையெழுத்துப் போட்டுவிட்டு அபி அப்போதுதான் உள்ளே வந்தாள். "அது அண்ணன் ரத்தம் இல்லைங்க மேடம்."

"பின்ன யாரோடது?"

"புறாவோடது."

"எது?"

"புறாங்க. பறக்கும்ல, அது. அண்ணனுக்கு வாய் கோணிடுச்சு, கை விழுந்துடுச்சு. எங்க வூட்ல இது நடக்கறதுதான். மணி பாத்து வச்சிருக்கேன், இப்பதான் ஆச்சு. சீக்கிரம் பாருங்க மேடம்."

டாக்டர் ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தார். "கையக் கழுவுங்க. ஸ்கேனுக்குத் தள்ளுங்க. ஓடுங்க" என்றார்.

அந்த ஓட்டம் எதற்கு என்று பிறகு விளக்கினார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் இரண்டு விதமாகக் கோளாறு வரலாம். வாய்க்காலில் அடைப்பு விழுவது ஒன்று, கரை உடைந்து தண்ணீர் வெளியே கொட்டுவது இன்னொன்று. எனக்கு வந்தது அடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். உடம்பில் வேறெங்காவது பெரிய காயமும் ரத்தப்போக்கும் இருந்தால் அதைப் போடத் தயங்குவார்கள், கட்டியோடு சேர்த்து காயத்தையும் திறந்துவிடுமே. காப்பாற்றத் தேய்த்த ரத்தம் எனக்கு அந்த ஊசி கிடைக்காமல் செய்யப் பார்த்தது. அபி மட்டும் வெட்கப்பட்டு வாயை மூடியிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஊசியை நேரத்துக்குள் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் கட்டைவிரல் லேசாக அசைந்தது. அம்மா அதைச் சாமி படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வார்டில் எனக்குப் பெயர் 'புறா கேஸ்'. ஷிப்டு மாறி வரும் நர்ஸுகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கை முழுவதுமாகத் திரும்பவில்லை, வார்த்தைகளும் இடம் மாறிப்போயிருந்தன. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சீப்புப் படத்தைக் காட்டி என்னவென்று கேட்டால், எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் வாய் "டிராக்டர்" என்று சொல்லும். அபி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டாள். "அண்ணே, தலைய உழுதுக்கிட்டு வாங்க" என்பாள். வார்டில் அழாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.

அப்பா தினமும் பஸ் பிடித்து காப்பி கொண்டுவருவார். அவருக்கும் வலது கை விழுந்ததுதான். பிளாஸ்க் மூடியைத் திறக்க இரண்டு கை வேண்டும். முதல் நாள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் தன் இடது கையால் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டார், நான் என் இடது கையால் திருகினேன். மூடி திறந்தது. "குடி" என்றார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஏற்பாடு. வேறு யார் திறந்துதர வந்தாலும் விடமாட்டார்.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரிச்சிக்குடியிலிருந்து அம்மாவின் உறவுக்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், சாத்துக்குடி வாங்கிவந்திருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "என்ன செய்யறது? அவங்க வம்சத்துக்கு எழுதினது. எத்தினி படிச்சாலும் ரத்தம் விடுமா?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். என் உடம்பு முழுக்க ஏதோ ஏறியது. வாயைத் திறந்தேன். நோய் வந்த பிறகு நான் நினைத்தபடியே வெளியே வந்த முதல் வார்த்தை அதுதான்: "இல்ல."

"என்னப்பா?"

"இல்ல" என்றேன் மறுபடி. அதற்குமேல் அன்றைக்கு வரவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. அவர் சாத்துக்குடியை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஆனால் சித்தப்பா அவர் பக்கம். இருபத்தேழு வயதுக்காரனே விழுந்துவிட்டான் என்றால் நாற்பத்து நான்கு எவ்வளவு நாள் தாங்கும் என்பது அவர் கணக்கு. நான் டிஸ்சார்ஜ் ஆவதற்குள் போலகத்துக்குப் போய்ப் பேசி, கல்யாணத்தைத் தை மாதத்துக்கு மாற்றிவிட்டார். அபி அதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. "ஒரு வருஷம் இருக்குண்ணே இன்னும். கணக்குப் பாடமே இப்பதான் புடிபட ஆரம்பிச்சுச்சு" என்றாள். விழுந்தது நான், படிப்பை இழப்பது அவள். ஆஸ்பத்திரியில் என் கை எனக்குக் கொடுத்த வலியெல்லாம் அந்த நினைப்புக்கு முன்னால் ஒன்றுமில்லை.

இந்த வயதில் ஏன் வந்தது என்று பார்க்க என்னைப் பாண்டிக்கு அனுப்பினார்கள். கழுத்து ரத்தக்குழாயில் ஸ்கேன், இதயத்தில் ஸ்கேன், குழாய் குழாயாக ரத்தம். செலவில் பெரும்பங்கை அலுவலக நண்பர்கள் பகிர்ந்துகொண்டார்கள். எவ்வளவு என்று கேட்டால் "மொதல்ல சீப்பச் சீப்புன்னு சொல்லு" என்கிறார்கள். காத்திருக்கும் கூடத்தில் வேலையே பயப்படுவதுதான். சித்தப்பா துணைக்கு வந்திருந்தார். எனக்காக வந்தாரா, தன் தீர்ப்பைக் கேட்க வந்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.

நரம்பியல் டாக்டர் என்னைவிட சில வயதுதான் மூத்தவராக இருப்பார். ஒரு தாளில் எங்கள் வம்சத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். விழுந்தவர்களைக் கருப்படித்தார். சதுரங்கள் கறுத்துக்கொண்டே வந்தன. வட்டங்கள் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன.

"பொம்பளைங்க யாருக்குமே வரலையா?"

"இது ஆம்பளைங்களத்தான் புடிக்கும் டாக்டர்" என்றார் சித்தப்பா.

"ஆம்பளைங்க மட்டும் அப்படி என்ன பண்றீங்க?"

"நாங்க ஒண்ணும் பண்றதில்லைங்க. பண்ணாமதான் இருக்கோம். கவுச்சி தொடுறதில்ல, நேர்த்திக்கடன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "முட்டை?"

"ம்ஹூம்."

"பால், தயிர்?"

"பாலு சொசைட்டிக்குங்க."

முடிவுகள் வர நாளாயிற்று. வந்ததும் மறுபடி போனோம். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ஒரே ஒரு மரபணு பழுதானாலே மூளை ரத்தக்குழாய் கெட்டுப்போகும் சில அபூர்வ நோய்கள் உண்டு. அவை எனக்கு இல்லை. மற்றபடி, ஏராளமான மரபணுக்களில் எழுத்து மாறினாற்போல் சின்னச் சின்ன மாற்றங்கள் எல்லா மனிதர்களுக்கும் இருக்கின்றன. சில மாற்றங்கள் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டும், சில ரத்தம் உறைவதைக் கொஞ்சம் கூட்டும். தனித்தனியாக அவை பெரிய ஆள் இல்லை. அப்படி ஒன்று என்னிடம் இருந்தது. நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து உடம்பில் ஹோமோசிஸ்டீன் என்று ஒரு பொருள் உண்டாகிறது. உடம்பு அதை வேறொன்றாக மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் சேர்ந்துபோனால் ரத்தக்குழாயின் உள்சுவர் கெடும், ரத்தம் கட்ட வழி உண்டாகும். அதை மாற்றும் வேலையில் என் உடம்பு மந்தம். அப்பா கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகளை என்பதால், அந்த மாற்றம் எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்றாக வந்திருக்கிறது. அந்த வேலைக்கு வைட்டமின் பி12-ம் வேண்டும். அது மீனிலும் முட்டையிலும் கறியிலும் பாலிலும்தான் கிடைக்கும். என் ரத்தத்தில் அது அடிமட்டத்தில் கிடந்தது.

"அப்ப இந்த வெரதம்தான்..." என்று இழுத்தேன்.

"அது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன் மதி. உங்க தாத்தா விழுந்தப்ப விரதமே கிடையாதே. உங்க அப்பாவுக்குப் பீடியும் இருந்துச்சு, பிரஷரும் இருந்துச்சு. இதே மாற்றம் உங்க வீட்டுப் பெண்களுக்கும் இருக்கலாம். அவங்க மீன் சாப்பிடறாங்க, பீடி குடிக்கல. மாற்றம் இருந்தா ஆபத்து கொஞ்சம் கூடும். விழுந்தே தீரணும்னு இல்ல. மாத்திரை போட்டா ஆபத்தே இருக்காதுன்னும் சொல்ல மாட்டேன். ஆனா குறைக்கக்கூடியது நிறைய நம்ம கையில இருக்கு." பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். "நீங்களும் பாத்துக்கங்க. மீன் சாப்பிட இஷ்டமில்லைன்னா ஊசி இருக்கு, விரதத்தக் கெடுக்க வேண்டாம்."

சித்தப்பாவின் காதில் விழுந்தது வேறு. "அப்ப ரத்தத்துலயே இருக்குன்னு நீங்களும் சொல்றீங்க" என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பந்தல்காரரிடம் போனில் பேசிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு முடிவு செய்தேன், அவரிடம் டாக்டர் பாஷையில் பேசிப் பயனில்லை.

மார்கழி. வீட்டுக்குப் பின்னால் சம்பா பயிர் கதிர்விட்டுப் பால் பிடித்திருந்தது. மத்தியானம் அம்மா மத்தி மீன் வறுத்துத் தட்டில் வைத்தாள். ஊசி போட்டுக்கொண்டே விரதத்தையும் காப்பாற்றியிருக்கலாம்தான். எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. பயந்து நேர்ந்துகொண்டதைப் பயந்தே காப்பாற்ற எனக்கு இஷ்டமில்லை. அபி பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

"நடு முள்ளப் புடிச்சு அப்படியே தூக்குங்கண்ணே. இடது கைய எடுங்க! கையப் பின்னாடி வச்சுக்கங்க."

வலது கையின் இரண்டு விரல்களால் மீன் முள்ளைப் பிடிப்பதைப்போல் கடினமான உடற்பயிற்சி எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. சதை பிய்ந்தது, முள் பிய்ந்தது, சோறெல்லாம் முள்ளாயிற்று. அந்த நேரத்தில் சித்தப்பா கல்யாணப் பத்திரிகை மாதிரிகளோடு உள்ளே வந்தார். தட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மார்கழியில... அடேய், சாமி குத்தம்டா!"

"சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன் சித்தப்பா. ஒக்காருங்க."

"படிச்ச திமிருடா ஒனக்கு."

"ஆமா. ஒக்காருங்க."

உட்கார்ந்தார். வார்த்தைகள் மாறிப்போய்விடக் கூடாதே என்று நான் மெதுவாகப் பேசினேன். "பின்னாடி வயல்ல நிக்கறது என்ன ரகம்?"

பெயரைச் சொன்னார். "ஏன், ஒனக்குத் தெரியாதா?"

"சாயற ரகம்தான அது?"

"ஒசரமான பயிரு. சாயத்தான் பாக்கும்."

"அப்பறம் ஏன் வருஷா வருஷம் நடறீங்க?"

"பக்குவமாப் பாத்தா நிக்கும்டா. யூரியாவக் கொட்டக் கூடாது, பொட்டாஷ் போடணும், மழை பேஞ்சா ஒடனே தண்ணிய வடிக்கணும். இதெல்லாம் பண்ணா முக்காவாசி நிக்கும். பேய்மழ அடிச்சா எந்த ரகமும்தான் படுக்கும்."

"சரி. சாயற ரகம்னு தெரியுது. இப்ப கதிரு பால் புடிச்சிருக்கு. சாஞ்சிடுமோன்னு பயந்துக்கிட்டு நாளைக்கே அறுத்துடுவீங்களா?"

"பைத்தியமா ஒனக்கு? பச்சையில அறுத்தா பதருதான் மிஞ்சும். யாராவது..."

அங்கே நின்றார். அபி தலையைக் குனிந்துகொண்டு என் தட்டிலிருந்த முள்ளை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில் மீனைத் திருப்பிப்போடுவதை நிறுத்திவிட்டாள். சித்தப்பா பத்திரிகை மாதிரிகளைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். எழுந்து பின்பக்கமாக வயலுக்குப் போய்விட்டார்.

"அண்ணே, சாப்பிடுங்க. ஆறிடுச்சு" என்றாள் அபி.

மறுநாள் காலையில் சித்தப்பா தேய்த்த சட்டையோடு வாசலில் நின்றார். என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அந்த ரத்தம் எடுக்கறவன் எத்தினி மணிக்குக் கடயத் தொறப்பான்?"

அவருக்கும் பி12 குறைவு. பிரஷர் அதைவிட மோசம், இத்தனை வருஷம் ஒருவரும் அளந்து பார்த்ததில்லை. பிரஷருக்கு மாத்திரை, பி12-க்கு ஊசி. விரதத்தை அவர் விடவில்லை. அது அவர் இஷ்டம். ஊசி போட்டுக்கொள்ளும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். புறாவை அறுத்த கை அது என்று அபி சொல்லிச் சொல்லிக் காட்டுவாள்.

போலகத்துக்காரர்களிடம் அவரே போய், படிப்பு முடியட்டும் என்றார். அவர்களுக்குக் கோபம். 'கை விழுற வூட்ல' பெண் எடுக்க முன்வந்தது தங்கள் பெருந்தன்மை என்று நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது. வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அபி காலேஜுக்குப் போய்விட்டு வந்து பாத்திரம் விளக்கினாள், வழக்கம்போல.

புறாக்கூண்டை நான்தான் திறந்துவிட்டேன். பறந்துபோய் மாதாகோயில் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு, சாயங்காலம் எல்லாம் கூண்டுக்கே வந்துவிட்டன. அப்பா இடது கையால் அவற்றுக்குத் தானியம் போடுகிறார்.

தை மாதம், முதலில் குறித்த முகூர்த்தம் கடந்த சில நாளில், காலம் தப்பிய மழை இரண்டு நாள் பெய்தது. சித்தப்பா மண்வெட்டியோடு மழையிலேயே நின்று வடிகாலைத் திறந்துவிட்டார். வெயில் வந்ததும் அறுவடை மெஷின் வந்தது. அபி அன்றைக்குப் பரீட்சை எழுதப் போயிருந்தாள். நானும் சித்தப்பாவும் வரப்பில் நின்றோம். வயல் நின்றிருந்தது, மஞ்சளாக, தலை கவிழ்ந்து. வடக்கு மூலையில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் பயிர் படுத்திருந்தது.

சித்தப்பா அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரகத்தைத் திட்டுவார், மழையைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்த மூலையில யூரியா கொஞ்சம் கூடிப்போச்சு. நான்தான் போட்டது" என்றார்.